வசனத்தைத் தேடினால் குவியும் முடிவுகள்: எப்படிச் சலித்தெடுப்பது?

பொகவந்தலாவைப் பக்கம் ஞாயிறு பாடசாலை நடத்தும் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "லெப்டொப்பில் பைபிள் மென்பொருள் வைத்திருக்கிறேன். விளக்கவுரைகளில் யோவான் 3:16 என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறது. அதிகமும் எனக்குத் தேவைப்படாதவை. ஆனால் நான் முன்பு வாசித்த ஒரு நல்ல விளக்கம் மட்டும் வரவே இல்லை. என்ன செய்வது?"

சகோதரி, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சாதாரணத் தேடல் பெட்டியில் 'யோவான் 3:16' என்று அடித்தால் மென்பொருள் வெறும் எழுத்துகளைத்தான் பார்க்கிறது. '1 யோவான் 3:16' என்பதற்குள்ளும் அதே எழுத்துகள் இருப்பதால் அதுவும் வந்துவிடும். 3:1 என்று தேடிப் பாருங்கள், 3:10 முதல் 3:19 வரை எல்லாமே வரும். மறுபக்கம், ஆசிரியர் 'யோவான் 3:14-18' என்று எழுதியிருந்தால் 16 என்ற எண்ணே அங்கில்லை. நீங்கள் தேடிய நல்ல விளக்கம் பெரும்பாலும் இப்படித்தான் தப்பியிருக்கும். நிதானமாக எழுதுகிறவர்கள் ஒரு வசனத்தைத் தனியாகப் பிய்த்தெடுக்காமல் பகுதியாகவே எடுத்துப் பேசுவார்கள்.

ஆகவே சொல் தேடலை விட்டு வசனக் குறிப்புத் தேடலுக்கு வாருங்கள். லோகோஸ் போன்ற மென்பொருள்களில் நூல்களுக்குள் வரும் வசனக் குறிப்புகள் தனியாக அடையாளமிடப்பட்டிருக்கும். வேதாகம நூலின் பெயரை ஒருவர் முழுதாக எழுதினாலும் இன்னொருவர் இரண்டெழுத்தில் சுருக்கினாலும் மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றே. இப்படித் தேடும்போது, அந்த ஒரே வசனம் மட்டும் வேண்டுமா, அதை உள்ளடக்கிய பகுதிகளும் வேண்டுமா என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். முடிவுகளைக் குறைக்கும் அவசரத்தில் பலர் முதலாவதைத் தெரிவு செய்கிறார்கள். அது வேண்டாம் என்பேன். குறிப்பை அகலமாகவே வையுங்கள், வேறு இடத்தில் இறுக்குங்கள்.

எங்கே இறுக்குவது? முதலில் நூல்களில். எல்லா நூல்களிலும் தேடாமல், நீங்கள் நம்பி வாசிக்கும் நாலைந்து யோவான் விளக்கவுரைகளை ஒரு தொகுப்பாகச் சேமித்து அதற்குள் மட்டும் தேடுங்கள். பாதிக் குப்பை அங்கேயே போய்விடும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வழி: ஒரு குறிப்போடு இன்னொரு குறிப்பைச் சேர்ப்பது. 3:16-க்குச் சற்று முன்னால், 14ஆம் வசனத்தில், மோசே உயர்த்திய சர்ப்பத்தை இயேசு நிக்கொதேமுவுக்கு நினைவூட்டுகிறார். அந்தச் சம்பவம் எண்ணாகமம் 21:4-9இல் இருக்கிறது. யோவான் 3:14-16, எண்ணாகமம் 21:8-9 இரண்டும் ஒரே பத்தியில் வரும் இடங்களைத் தேடுங்கள். மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் வனாந்தரத்தில் சர்ப்பத்தை நோக்கிப் பார்த்துப் பிழைத்தவர்களையும் விசுவாசித்து ஜீவனை அடைகிறவர்களையும் இணைத்து விளக்கும் பத்திகள் அவற்றில் இருக்கும். பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்ல இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

சங்கீதங்களில் ஒரு எச்சரிக்கை. எபிரெய எண்வரிசையில் தலைப்பும் வசனமாக எண்ணப்படும். 51ஆம் சங்கீதத்தின் தலைப்பு இரண்டு வசனங்களாக எண்ணப்படுவதால் நமது 51:1 அங்கே 51:3. பழைய கத்தோலிக்க நூல்களில் 23ஆம் சங்கீதம் 22 என்றிருக்கும். பொருந்தாத முடிவு வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

புதிய நூல் சேர்த்த பிறகு மென்பொருள் தேடலுக்கான சொல் அட்டவணையைத் தயாரித்து முடிக்கும்வரை பொறுங்கள். அது முடியாமல் அந்த நூல் தேடலில் வராது. மழை நாளில் கரண்ட் போய் வரும் தோட்டங்களில் பற்றரியை நிரப்பிவிட்டே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. ஏற்கெனவே இறக்கிவைத்த நூல்களுக்குள் தேட சிக்னல் தேவையில்லை.

உங்கள் சொந்தப் பாடக் குறிப்புகளையும் இதற்குள் சேர்க்க விரும்பினால், அவை பாமினி எழுத்துருவில் இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகள். இன்று கணினிகளில் பொதுவாகப் பயன்படும் யூனிகோட் தமிழில் எதைத் தேடினாலும் அவை அகப்படாது. எழுத்துரு மாற்றும் கருவியில் போட்டு யூனிகோடாக்கி, ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் நூலின் பெயர், அதிகாரம், வசனத்தை முழுதாக எழுதி வையுங்கள்.