தாக்கப்பட்டது யார்?

கேள்வி: ஊழியம் பெருகப் பெருகச் சாத்தானின் தாக்குதலும் பெருகும் என்கிறார்கள். உலகறிந்த ஊழியர்களே விழுந்துபோகிறார்கள். தாக்குதலுக்கு ஆளான ஒரு போதகரைக் குறை பேசாமல் தூக்கி நிறுத்த, சபை எத்தனை நாள் உபவாச ஜெபம் எடுக்க வேண்டும்?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உபவாசம் இருங்கள், சகோதரரே. எத்தனை நாள் என்பதை உங்கள் சபையே முடிவு செய்யட்டும். ஆனால் ‘தாக்குதலுக்கு ஆளான போதகர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

1982 கிறிஸ்துமஸ். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஹோமினி என்ற சிற்றூர். ராபர்ட் மோரிஸ் என்ற இளம் சுவிசேஷகர் ஒரு விசுவாசியின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். அந்த வீட்டுச் சிறுமிக்கு வயது 12. அன்று தொடங்கிய பாலியல் கொடுமை நான்கு வருடத்துக்கு மேல் நடந்தது. 1987ல் விஷயம் வெளியே வந்தபின் மோரிஸ் இரண்டு வருடம் ஊழியத்தை விட்டு விலகியிருந்தார். ஆலோசனை கொடுத்தார்கள், ‘விடுதலை ஊழியம்’ செய்தார்கள், மறுபடி மேடை ஏற்றினார்கள். 2000ல் அவர் டெக்ஸஸில் தொடங்கிய கேட்வே சபை அந்த நாட்டின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றானது. 2024 ஜூனில் அந்தப் பெண் பகிரங்கமாகப் பேசியதும் மோரிஸ் விட்ட அறிக்கையில் 12 வயதுச் சிறுமி ‘ஓர் இளம்பெண்’ ஆகிவிட்டாள். மூப்பர்களின் அறிக்கை அதை ‘ஒழுக்கத் தவறு’ என்றது. சில நாளில் ராஜினாமா. 2025 அக்டோபரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 10 வருடத் தண்டனை, அதில் ஆறு மாதம்தான் சிறை.

இதில் தாக்கப்பட்டவர் யார்? அந்தச் சிறுமி. நாற்பது வருடம் அவளை விட்டுவிட்டு, தாக்கியவருக்காகக் கண்ணீர் விட்டார்கள். உங்கள் கேள்வியிலும் அவள் இல்லை.

ஆவிக்குரிய போராட்டம் உண்மை. எபேசியர் 6ஐ நான் நம்புகிறேன். பவுல் அங்கே முதலில் கட்டச் சொல்வது சத்தியம் என்னும் கச்சை. அதை அவிழ்த்து வைத்துவிட்டு மீதி ஆயுதங்களோடு சத்தம் போடுகிறவர்களோடுதான் இந்தப் பக்கத்துக்கு நெடுநாள் வழக்கு. ஊர் ஊராக வரைபடம் போட்டு, இந்த ஊரை ஆளும் ஆவி இன்னது, அதைக் கட்டுகிறோம் என்கிறார்களே, அந்த முறை உலகமெங்கும் பரவக் காரணமான இடங்களில் ஒன்று அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ். அங்கே நியூ லைஃப் சபையின் வளாகத்தில் 1998ல் உலக ஜெப மையம் திறந்தார்கள். சபையின் போதகர் டெட் ஹேகார்ட். 2006 நவம்பரில், பணம் கொடுத்து ஓர் ஆணோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தது வெளியாகிப் பதவி இழந்தார். சபைக்கு எழுதிய கடிதத்தில், பெரியவனான நாள் முதல் இதோடு போராடி வருகிறேன் என்றார். தன் பிரச்சினையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியபோது இருள் பெருகித் தன்னை ஆட்கொண்டது என்றும் எழுதினார். அந்த வரியை ஒவ்வொரு போதகரும் படிக்க வேண்டும். ஊருக்காக ஜெபிக்கக் கட்டடம் இருந்தது. தன்னைப் பற்றி உண்மை பேசுவதை அவர் நிறுத்திவிட்டார்.

ஜெபம் குறைந்ததுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கான்சாஸ் சிட்டியில் மைக் பிக்கிளின் ஜெப வீட்டில் 1999 செப்டம்பரிலிருந்து வருடக்கணக்கில் இரவும் பகலும் ஓயாமல் ஜெபம் நடந்தது. 2023 கடைசியில் பாலியல் குற்றச்சாட்டுகளால் அந்த அமைப்பே அவரோடு உறவை முறித்தது.

நம் மதராஸில் 1946ல் பிறந்து, உலகப் புகழ்பெற்ற கிறிஸ்தவப் பேச்சாளரான ரவி சகரியாஸின் கதை இன்னும் கொடியது. அவர் இறந்தபின், அவருடைய அமைப்பே அமர்த்திய வழக்கறிஞர்கள் 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தார்கள். மசாஜ் தொழில் செய்த ஒரு பெண் அதில் சாட்சி சொல்கிறார்: தன்னை வல்லுறவு செய்தார், கிடைத்த ‘வாய்ப்புக்காக’ இருவரும் தேவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தன்னை ஜெபிக்க வைத்தார், வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இழந்துபோவதற்கு நீயே பொறுப்பு என்று மிரட்டினார். உங்கள் கேள்வியில் இருக்கும் அதே நியாயம்தான், சகோதரரே: ஊழியம் பெரிது, அதனால் நீ வாயை மூடு. 2017ல் வேறொரு பெண்ணோடு எழுந்த பிரச்சினை, வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு முடிந்தது. அமைப்பு அவர் பக்கம் நின்றது. உண்மை வெளிவர மூன்று வருடத்துக்கு மேல் ஆனது.

‘அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே’ என்று சங்கீதம் 105ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த வசனம் ராஜாக்களுக்குச் சொன்னது. ஊர் ஊராய்த் திரிந்த முற்பிதாக்களை ஒடுக்கக் கூடாது என்று. தாவீது சவுலைக் கொல்லவில்லை, சரி. வாயை மூடிக்கொண்டும் போகவில்லை. ஆட்கள் நடுவில் நின்று சவுலின் அநியாயத்தை உரக்கச் சொன்னான். அதே தாவீது பத்சேபாள் விஷயத்தில் பாவம் செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி எந்த ஆவியையும் கட்டவில்லை. ‘நீயே அந்த மனுஷன்’ என்றான். புகார் சொல்லும் பெண்ணுக்கு, பைபிளில் வரும் பொல்லாத ராணியின் பெயரால் ‘யேசபேல் ஆவி’ என்று பட்டம் கட்டுகிறவர்கள் 2 சாமுவேல் 12ஐ ஒருமுறை முழங்காலில் நின்று வாசிக்கட்டும்.

சபை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாதிக்கப்பட்டது 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால் முதல் போன் போலீசுக்கு, அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு. போதகருக்கு அல்ல, பேராயருக்கும் அல்ல. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த எவரும் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. பிள்ளையைக் கமிட்டி முன் நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதி போட்டு ஒருவர் எழுதி வைத்தால் போதும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க விடாதீர்கள். ஜெபக்குறிப்பில் பெயர் போடாதீர்கள். ‘சமாதானம்’ பேச அவளையும் போதகரையும் ஓர் அறையில் உட்கார வைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

பெரியவர்கள் விஷயத்தில் ‘இருவரும் சம்மதித்ததுதானே’ என்பார்கள். ஆலோசனைக்கு வந்து அழுத பெண்ணின் ரகசியம் எல்லாம் போதகர் கையில் இருக்கிறது. அந்த நிலையில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மினசோட்டா, டெக்ஸஸ் மாநிலங்களின் சட்டங்களே இதை உணர்ந்து எழுதப்பட்டவை.

புகார் வந்த அன்றே பிரசங்க மேடை, அறைச் சாவி, காசோலைக் கையெழுத்து மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணை முடியும்வரை சம்பளம் கொடுங்கள், குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது. விசாரிப்பவர் போதகரின் உறவினராகவோ அவர் கைகாட்டிய ஆளாகவோ இருக்கக் கூடாது. முடிவைச் சபைக்கு வாசிப்போம் என்று தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுங்கள். நியூ லைஃபில் இது ஓரளவு நடந்தது. போதகரை நீக்கும் அதிகாரம் வெளிச்சபைப் போதகர்கள் நால்வருக்கு விதியிலேயே இருந்ததால், சில நாளில் முடிவெடுத்தார்கள். நம் சுயாதீன சபைகளில் போதகர் தலைவர், மனைவி செயலாளர், மைத்துனர் பொருளாளர். யார் யாரை நீக்குவது?

மனந்திரும்பினால் மன்னிப்பு உண்டு, திருவிருந்து உண்டு, கடைசி வரிசையில் அவருக்கும் இடம் உண்டு. பிரசங்க மேடை மன்னிப்போடு சேர்ந்து வருவதல்ல. 1 தீமோத்தேயு 3 கண்காணிக்குக் கேட்பது குற்றஞ்சாட்டப்படாத வாழ்வும், சபைக்குப் புறம்பானவர்களின் நற்சாட்சியும். பிள்ளைகள்மேல் கை வைத்தவர் அந்தப் பணிக்கு ஒருநாளும் திரும்பக் கூடாது. சபைக் கணக்கில் பணம் இருந்தால், அந்தப் பெண்ணின் மருத்துவத்துக்கும் மனநல ஆலோசனைக்கும் எத்தனை வருடம் ஆனாலும் கொடுங்கள்.