கால் பக்க விளம்பரத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தென்காசியில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறோம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் நாங்களே ஆட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிறோம். தெருக்காரர்களும் தெரிந்தவர்களும் வாங்குகிறார்கள். அதற்கு மேல் வியாபாரம் நகரவில்லை. தீபாவளியை ஒட்டி நாளிதழில் விளம்பரம் கொடுக்கலாம் என்று விசாரித்தேன். பத்திரிகையின் விளம்பரப் பிரிவிலிருந்து வந்த தம்பி, திருநெல்வேலி பதிப்பில் கலரில் கால் பக்கம் போட்டால்தான் எடுபடும் என்கிறார். சதுர சென்டிமீட்டர், பிரீமியம், பேக்கேஜ் என்று அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. கையில் இருப்பது 40,000 ரூபாய். மீதிக்குக் கடன் வாங்கிக் கால் பக்கம் போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடன் வாங்க வேண்டாம். கால் பக்கமும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் பணத்துக்கே நல்ல விளம்பரம் செய்யலாம். அதற்கு அந்தத் தம்பி சொன்ன கணக்கு உங்களுக்கு முதலில் புரிய வேண்டும்.

நாளிதழில் விளம்பர இடத்தைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் விற்கிறார்கள். அகலத்தை உயரத்தால் பெருக்கி, வரும் எண்ணை ரேட்டால், அதாவது ஒரு சதுர செ.மீ.க்கான விலையால் பெருக்கினால் மொத்த விலை. பெரிய அளவு நாளிதழின் ஒரு பக்கம் ஏறக்குறைய 33 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். அதில் கால் பக்கம் என்றால் 16-க்கு 25, அதாவது 400 சதுர செ.மீ. ஒரு பேச்சுக்கு உங்களுக்குச் சொன்ன ரேட் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கால் பக்கம் 60,000 ரூபாய். அச்சு விளம்பர இடத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது 3,000. ஆக 63,000 ரூபாய், ஒரே ஒரு நாளைக்கு. மறுநாள் காலையில் அந்தப் பேப்பர் பழைய பேப்பர்.

அதே ரேட்டில் 8 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் என்று 80 சதுர செ.மீ. எடுத்தால் வரியோடு 12,600 ரூபாய். மூன்று முறை போட்டால் 37,800. உங்கள் பணத்துக்குள் முடிந்துவிடுகிறது. இன்னும் சிறிதாக, 8-க்கு 6 என்று எடுத்தால் அதே 37,800 ரூபாயில் ஐந்து முறை வரும். எண்ணெய் என்பது மாதா மாதம் வாங்குகிற பொருள். வீட்டில் டின் காலியாகும் நாளில் உங்கள் கடை ஞாபகம் வர வேண்டும். அந்த நாள் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு. அதனால்தான் பெரிதாக ஒரு தடவையைவிடச் சிறிதாகப் பல தடவை உங்களுக்குப் பொருந்தும் என்கிறேன். நகைக்கடை திறப்பு விழா என்றால் நானே கால் பக்கம் போடச் சொல்லியிருப்பேன்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு அந்தப் பேப்பர் எங்கெங்கே போகிறது? திருநெல்வேலி பதிப்பு என்றால் பொதுவாகத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களுக்குச் சேர்த்து அச்சாவது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் வாங்கத் தூத்துக்குடியிலிருந்து யாரும் தென்காசிக்குப் பஸ் ஏறப் போவதில்லை. ஆனால் அங்கே விற்கும் பிரதிகளுக்கும் சேர்த்துத்தான் அந்த ரேட். தென்காசி 2019 நவம்பரிலேயே தனி மாவட்டமாகிவிட்டது. பல நாளிதழ்கள் மாவட்டத்துக்கென்று தனிப் பக்கங்களை மாற்றி அச்சிடுகின்றன. “தென்காசி மாவட்டப் பக்கத்தில் மட்டும் வருகிற மாதிரி என்ன ரேட்?” என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். அவர்களாகச் சொல்வது பெரும்பாலும் பெரிய ரேட்டைத்தான். அப்படி ஒரு வசதி இருந்தால் கடையநல்லூர், செங்கோட்டை, பாவூர்சத்திரம், சுரண்டை, சங்கரன்கோவில் என்று உங்கள் கடைக்கு வந்து போகக்கூடிய ஊர்களுக்கு மட்டும் பணம் கொடுக்கிறீர்கள். இரண்டு பத்திரிகைகளில் விசாரியுங்கள். இந்த வசதி எதில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள், பத்திரிகையின் பெயர் பெரியதா சிறியதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விற்பனை எண்ணிக்கையைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். “எங்களுக்கு இத்தனை லட்சம் வாசகர்கள்” என்பார்கள். வாசகர் வேறு, பிரதி வேறு. டீக்கடையில் கிடக்கும் ஒரே பேப்பரைப் பத்துப் பேர் படித்தால் பத்து வாசகர்கள், ஒரு பிரதி. அந்த லட்சமும் தமிழ்நாடு முழுவதற்குமான எண்ணாக இருக்கும். 1948-லிருந்து இயங்கும் ஏபிசி என்ற தணிக்கை அமைப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்பனைப் பிரதிகளுக்குச் சான்று தருகிறது. அதில் சேர்ந்த பத்திரிகையா என்று கேட்கலாம். அதைவிட எளிய வழி, உங்கள் ஊர்ப் பேப்பர் ஏஜென்டிடம் கேட்பது. விடியற்காலை எத்தனை கட்டு இறங்குகிறது, எந்தத் தெருவில் எந்தப் பேப்பர் அதிகம் என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

ரேட் கார்டில், அதாவது பத்திரிகை அச்சிட்டுத் தரும் விலைப்பட்டியலில் இருப்பது முதல் விலைதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: மத்திய அரசு தன் விளம்பரங்களுக்கு, 1 லட்சம் பிரதி விற்கும் நாளிதழில் கறுப்பு வெள்ளைக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 47.40 ரூபாய் கொடுத்துவந்தது. 2025 நவம்பரில் அதை 59.68 ஆக்கியது. தனியார் கடைகளுக்கு ரேட் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், அரசு விலைக்கு யாரும் தர மாட்டார்கள். இருந்தாலும் உங்களுக்குச் சொன்ன ரேட் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்று பார்க்க இந்த எண் உதவும். மூன்று முறை, ஐந்து முறை என்று சேர்த்துப் பதிவு செய்தால் விலை இறங்கும். “நாலு போட்டால் ஒன்று இலவசம்” என்பது போன்ற பேக்கேஜும் கிடைக்கும். ஆனால் மதுரைப் பதிப்பும் சேர்த்துத் தருகிறோம் என்கிற பேக்கேஜ் உங்களுக்கு எந்த விதத்திலும் பயன்படாது. அது எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

பிரீமியம் என்பது இடத்துக்கான கூடுதல் கட்டணம். முதல் பக்கம், கடைசிப் பக்கம், மூன்றாம் பக்கம், பத்திரிகைப் பெயரின் இருபுறமும் வரும் சிறு கட்டங்கள் எல்லாவற்றுக்கும் தனி ரேட். எந்தப் பக்கம் என்று கேட்காமல் விட்டால் அடிப்படை ரேட்தான். உங்களுக்கு அதுவே போதும். வலதுகைப் பக்கத்தில், மடிப்புக்கு மேலே கிடைக்குமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், சில சமயம் காசு வாங்காமலே செய்து கொடுப்பார்கள். கலருக்கும் கறுப்பு வெள்ளைக்கும் ரேட் வேறாக இருந்தால், கறுப்பு வெள்ளையை ஒதுக்கிவிடாதீர்கள். சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, தடித்த எழுத்தில் கடைப் பெயர் போட்ட கறுப்பு வெள்ளை விளம்பரம் கலர் நெரிசலுக்கு நடுவே நன்றாகத் தெரியும்.

இன்னொரு விஷயம், நீளமும் அகலமும் நீங்கள் நினைத்தபடி அமையாது. பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்திருப்பார்கள். எட்டுப் பத்தி என்பது வழக்கமான அமைப்பு. 9 செ.மீ. அகலம் கேட்டால் அடுத்த பத்தி முழுவதற்கும் காசு போட்டுவிடுவார்கள். இரண்டு பத்தி அகலம் சரியாக எத்தனை செ.மீ. என்று கேட்டு, அதற்குள் லேஅவுட், அதாவது விளம்பர வடிவமைப்பு செய்யச் சொல்லுங்கள்.

நேராகப் பத்திரிகையிடம் போகவா, விளம்பர ஏஜென்சி மூலமாகப் போகவா என்று யோசிப்பீர்கள். இந்தியச் செய்தித்தாள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குப் பத்திரிகையே 15 சதவீதம் கமிஷன் கொடுக்கிறது. அதனால் ஏஜென்சி வழியாகப் போனால் உங்களுக்குக் கூடுதல் செலவு வரக் கூடாது. லேஅவுட்டையும் அவர்களே செய்து தருவார்கள். கமிஷனில் ஒரு பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எப்போது போடுவது? தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம். அந்த வாரம் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் பக்கம் பக்கமாக வாங்கிவிடும். ரேட்டில் ஒரு பைசா குறையாது, உங்கள் 80 சதுர செ.மீ. கண்ணிலேயே படாது. பலகாரத்துக்கு எண்ணெய் வாங்குவது அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். ஆகவே மூன்று வாரம் முன்னதாக ஒன்று, பத்து நாள் முன்னதாக ஒன்று போடுங்கள். மூன்றாவதைக் கார்த்திகைக்கு வையுங்கள். விளக்குக்கு நல்லெண்ணெய் எல்லார் வீட்டிலும் வேண்டும். ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்துக்கு வந்து செங்கோட்டை வழியாகப் போகிற காலமும் அதுதான். மார்கழியில் விசேஷங்கள் இல்லாததால் பத்திரிகைகளுக்கு விளம்பரம் குறையும். பிறகு எப்போதாவது போட நினைத்தால் பேரம் பேச ஏற்ற மாதம் அது.

விளம்பரத்தில் என்ன எழுதுவது என்பதில் உங்களுக்காக நான் உண்மையிலேயே கவலைப்படுகிறேன். செக்கு எண்ணெய் விற்பவர்கள் பலர் “சர்க்கரை குறையும், மாரடைப்பு வராது” என்று போட்டுவிடுகிறார்கள். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ‘சுத்தமான’, ‘இயற்கையான’ போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்குக்கூட 2018-இல் விதிமுறை வந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை நம்பி ஒருவர் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆவது? உங்களிடம் சொல்ல உண்மையான சங்கதியே நிறைய இருக்கிறது. எந்த ஊர் எள், எந்தக் கிழமை ஆட்டுகிறீர்கள், வாடிக்கையாளர் நேரில் வந்து செக்கைப் பார்க்கலாமா, ஒரு லிட்டர் என்ன விலை. விலையைக் கட்டாயம் போடுங்கள். விலை இல்லாத விளம்பரத்தைப் பார்த்தால் “நமக்குக் கட்டாது” என்று பலர் தாண்டிப் போய்விடுவார்கள். கடைப் பெயர், பக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு இடம், ஒரே ஒரு செல் நம்பர், உணவு உரிம எண். அவ்வளவுதான். கருநீலப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும், எழுத்து மையில் அடைபட்டுப் படிக்க முடியாமல் போகும்.

அச்சுக்குப் போகுமுன் புரூஃப், அதாவது சரிபார்க்கும் மாதிரிப் பிரதி கேட்டு வாங்கி, அதிலிருக்கும் செல் நம்பரைப் பார்த்து உங்கள் வீட்டில் யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். மணி அடித்தால் மட்டும் சரி என்று எழுதிக் கொடுங்கள். நீங்கள் சரி சொன்ன பிறகு தப்பு வந்தால் பத்திரிகை பொறுப்பேற்காது. அவர்கள் பக்கத்துத் தவறு என்றால் மறுபடி இலவசமாகப் போடச் சொல்லிக் கேட்கலாம். தேதி, அளவு, பதிப்பு, கலரா இல்லையா, ரேட், வரி எல்லாம் ரிலீஸ் ஆர்டரில், அதாவது விளம்பரத்தை வெளியிடச் சொல்லும் ஆர்டரில் எழுத்தில் இருக்க வேண்டும். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். வந்தவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்கிறவர் என்றால், பில்லில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். அந்த 5 சதவீதத்தை நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு முறையில் (காம்போசிஷன்) இருந்தால் கழிக்க முடியாது.

“விளம்பரம் கொடுத்தால் கடையைப் பற்றிச் செய்தியும் போடுகிறோம்” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். காசு கொடுத்து வாங்கியதைச் செய்தி மாதிரி காட்டுவது படிப்பவரை ஏமாற்றுவது. தீபாவளி மலர் என்று சொல்லிக்கொண்டு, பெயர் கேள்விப்படாத பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். பழைய இதழ் ஒன்றைக் காட்டச் சொல்லி, அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மிச்சம் இருக்கும் 2,200 ரூபாயை நோட்டீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் விளம்பரம் வருகிற அன்றைக்கே, உங்கள் கடையைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போகும் பேப்பருக்குள் மட்டும் வைக்கச் சொல்லி ஏஜென்டிடம் பேசுங்கள். கட்டை எண்ணிக் கொடுங்கள். நாலு தெருவில் தெரிந்த வீடுகளில் நோட்டீஸ் வந்ததா என்று அன்று காலையிலேயே விசாரியுங்கள்.

மூன்று விளம்பரத்துக்கும் சேர்த்து ஒரே விலை பேசினாலும், மூன்றாவதின் தேதியையும் வாசகத்தையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ரிலீஸ் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எதைப் பார்த்து வந்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். முதல் இரண்டும் வந்து முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். சுரண்டைக்காரர்கள் நிறைய வந்திருந்தால் மூன்றாவது விளம்பரத்தில் சுரண்டைக்கு வீட்டு டெலிவரி உண்டு என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.