மவுஸ் அம்பு நகர்கிறதா?

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப்புக்கு ஆறு வயது. ஒரு மாதமாகத் திடீர் திடீரென்று ஹாங் ஆகிறது. பத்து இருபது நொடி எதைத் தொட்டாலும் அசையாது. அப்புறம் அதுவரை தட்டியதெல்லாம் மொத்தமாகத் திரையில் வந்து விழும். இரண்டு மூன்று நாள் ஒன்றும் நடக்காது. சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். ஃபார்மட் அடித்தும் பார்த்தாகிவிட்டது. பழுது பார்ப்பவர், "மதர்போர்டு போச்சு, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்கிறார். வாங்கிவிடவா? உள்ளே 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க் இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஆனால் இன்று இரவே போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

ஹாங் ஆகும் அந்த நேரத்தில் மவுஸ் அம்பு நகர்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தட்டியதெல்லாம் பிறகு வந்து விழுகிறது என்பதால், நகரும் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் பிராசஸரும் விண்டோஸும் உயிரோடு இருக்கின்றன. நீங்கள் தட்டுவதைக் குறித்து வைத்துக்கொண்டு எதற்காகவோ காத்திருக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படிக் காக்க வைப்பது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான்.

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றை எட்டு மில்லி நொடிக்குச் சற்று மேலான நேரத்தில் முடிக்கும். ஒரு செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு கட்டம்) பழுதாகிப் படிக்க முடியாமல் போனால், டிஸ்க் உடனே கையை விரித்துவிடாது. அடுத்த சுற்றில் அதே இடம் வரும்போது மறுபடி படித்துப் பார்க்கும். அதற்கடுத்த சுற்றிலும் பார்க்கும். வீட்டு உபயோக டிஸ்க்குகள் இப்படிப் பத்து இருபது நொடிகூட விடாமல் முட்டிக்கொண்டிருக்கும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று தயாரிப்பவற்றில்தான் சுமார் 7 நொடியில் முயற்சியைக் கைவிடும்படி வைத்திருப்பார்கள். டிஸ்க் அப்படி முட்டிக்கொண்டிருக்கும்போது அதனிடம் வேறு எந்த ஃபைலைக் கேட்டாலும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கெட்டுப்போன அந்த இடத்தில் இருக்கும் ஃபைலைத் தொடாத நாட்களில் ஒரு தொந்தரவும் இருக்காது. உங்கள் "இரண்டு மூன்று நாள்" இதனால்கூட இருக்கலாம்.

ஃபார்மட் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. வழக்கமாக அடிப்பது குவிக் ஃபார்மட். அது ஃபைல்களின் அட்டவணையைத்தான் புதிதாக எழுதும். டிஸ்க்கின் ஒவ்வோர் இடத்தையும் போய்த் தொட்டுப் பார்க்காது.

சரி, ஊகத்தை நம்பி எதையும் வாங்க வேண்டாம், சோதித்துவிடுவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் திறந்து, திரையின் ஒரு மூலையில் விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஹாங் ஆகும்போதே அது நின்றுபோனாலும், விட்டதும் வரைபடத்தில் தடம் இருக்கும். டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருப்பதாகக் காட்டி, அதே நேரத்தில் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. மூச்சு முட்ட ஓடுகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று மோட்டாரைப் பற்றிச் சொல்வோமே, அந்த நிலை. கூடவே சராசரி ரெஸ்பான்ஸ் டைம் என்று ஓர் எண் இருக்கும். ஹார்டு டிஸ்க்குக்கு அது பத்து இருபது மில்லி நொடியில் இருப்பது இயல்பு. ஆயிரக்கணக்கில் போவது நோய்.

அடுத்தது, நடந்ததை விண்டோஸ் குறித்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவர். அதில் சிஸ்டம் என்ற பதிவேட்டைத் திறந்து, ஹாங் ஆன நிமிடத்தைத் தேடுங்கள். டிஸ்க் என்ற பெயரில் 7-ஆம் எண் இருந்தால், பழுதான இடத்தைக் கண்டதாகப் பொருள். 153 என்றால் படிப்பதையோ எழுதுவதையோ மறுபடி முயல வேண்டியிருந்தது. 129 (இது டிஸ்க் என்றில்லாமல் வேறு பெயரில் இருக்கும்) என்றால் டிஸ்க் பதிலே சொல்லவில்லை, விண்டோஸ் அதை உலுக்கி எழுப்பியிருக்கிறது. மற்ற சிவப்பு மஞ்சள் குறிகளைக் கண்டு பயப்படாதீர்கள். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அவை நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

மூன்றாவதாக, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்பை அது காட்டும். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளையும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள்; சி5 என்பது சந்தேகத்தில் நிற்பவை; சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. சி5-இல் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் நான் அந்த டிஸ்க்கை நம்ப மாட்டேன். இந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில்தான் முதலில் காட்டும், அதாவது 10 என்றிருந்தால் அது பதினாறு. இது தெரியாமல் குறைத்து எண்ணிவிடக் கூடாது.

நான்காவதாக ஒரு வரி உண்டு, சி7. இதில் எனக்கே ஒரு அனுபவம். என் கம்ப்யூட்டரிலும் இதே மாதிரி ஹாங், டிஸ்க்கை மாற்றச் சொன்னார்கள். பார்த்தால் 05, சி5, சி6 மூன்றும் சுத்தமாகப் பூஜ்யம். சி7 மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்துபோன கணக்கு. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் விஷயம் கண்ணில் பட்டது. இரண்டையும் இணைக்கும் விரல் அகலத் தட்டையான சாட்டா கேபிள், தகட்டோடு அழுந்தி, டிஸ்க்கின் வாயிலேயே செங்குத்தாக மடிந்து கிடந்தது. கையால் தொட்டாலே ஆடியது. வேறு கேபிள் போட்டேன், வேறு துளையில் சொருகினேன், அதோடு முடிந்தது. சி7 எண் ஒருபோதும் குறையாது. மாற்றிய பிறகு அது ஏறாமல் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

டிஸ்க்தான் குற்றவாளி என்று தெரிந்தால், சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் பாகம் இல்லாத, அதே கேபிளில் மாட்டும் டிஸ்க்) ஒன்று வாங்கி விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். ஆறு வயதுக் கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு வேறு கம்ப்யூட்டர் போலிருக்கும். போர்டிலேயே நேராகச் சொருகும் எம்.2 வகை வாங்குவதானால் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே வடிவத் துளையில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. எல்லாத் துளையும் இரண்டையும் ஏற்காது. காப்பி எடுத்து முடிக்கும்வரை பழைய டிஸ்க்கில் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் முழு டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைப்பது அது.

மேலே சொன்ன எதிலும் டிஸ்க் மாட்டவில்லை என்றால் மறுபடி அறிகுறிக்குத் திரும்ப வேண்டும். பாட்டின் ஒரே துண்டு "டர்ர்ர்" என்று திரும்பத் திரும்ப ஒலித்து, அம்பும் நின்று, பட்டனை அழுத்தி அணைத்தால்தான் உண்டு என்றால் ராம், கிராபிக்ஸ், பவர் சப்ளை பக்கம் போங்கள். கேமிலோ வீடியோ எடிட்டிங்கிலோ பத்து நிமிடம் கழித்துத் திக்கத் தொடங்கினால் சூடு. பிராசஸர் 100 டிகிரியை ஒட்டிப் போனால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியிலும் அதன் கீழுள்ள தகடுகளிலும் படிந்த தூசியைத் தட்டினாலே பாதி சரியாகும். சேவ் செய்யும் பெட்டியைத் திறக்கும்போது மட்டும் ஏழெட்டு நொடி நிற்கிறதென்றால், தூங்கிக்கொண்டிருக்கும் இரண்டாவது டிஸ்க் எழுந்து சுற்றத் தொடங்கும் நேரம் அது. அது கோளாறே இல்லை.

ஏஎம்டி ரைசன் பிராசஸர் உள்ளவர்களுக்கு இன்னொரு வகை. ஓரிரு நொடி அம்பு, ஒலி எல்லாமே இழுக்கும், உடனே விட்டுவிடும். பிராசஸருக்குள் இருக்கும் டிபிஎம் பாதுகாப்பு வசதி, மதர்போர்டில் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இருக்கும் சிப்போடு அவ்வப்போது பேசுவதால் இந்த இழுவை வரக்கூடும் என்று ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு மே முதல் பயாஸ் அப்டேட் மூலம் தீர்வு தந்தது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸில் கை வைக்காதீர்கள்.

மதர்போர்டு போயிருக்கவே முடியாதா என்றால், முடியும்தான். ஆனால் மற்றதையெல்லாம் விலக்கிவிட்டுக் கடைசியாகச் சொல்ல வேண்டிய பெயர் அது. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். வேறு நல்ல டிஸ்க் மாட்டிப் பார்த்தேன், வேறு ராம் போட்டுப் பார்த்தேன் என்றால் பேசலாம்.

கேள்வி: அடிக்கடி திக்குகிறது என்றதும் "ராம் கூட்டுங்கள்" என்றார் நண்பர். 8 ஜிபியை 16 ஆக்கினால் சரியாகுமா?

பதில்: திக்கும்போது டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ஆகும். 60-இல் நிற்கும்போதே திக்கினால், வாங்கும் ராம் சும்மா உட்கார்ந்திருக்கும். லேப்டாப் என்றால் முதலில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பல மெல்லிய லேப்டாப்களில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். புதிய ராம் போட்ட இரவே விண்டோஸில் உள்ள மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓட்டுங்கள். பழையதோடு ஒத்துப்போகாத ராம், இல்லாத ஹாங்கைக் கொண்டுவந்து சேர்க்கும்.

கேள்வி: வேகம் கூட்டும் மென்பொருள் ஒன்று, என் கம்ப்யூட்டரில் ஆயிரத்துச் சொச்சம் பிழைகள் இருப்பதாகவும் பணம் கட்டினால் நீக்குவதாகவும் சொல்கிறது. கட்டலாமா?

பதில்: வேண்டாம். விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய வரிகளை எண்ணிக் காட்டி மிரட்டுவதுதான் பெரும்பாலும் அது. ஹாங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நுகர்வோரைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-இல் வெளிப்படுத்திய ஒரு வழக்கு உண்டு. கடைக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவரிடம், மெதுவாக இருக்கிறதா, நின்று நின்று போகிறதா என்று முதலிலேயே கேட்டு டிக் அடிப்பார்கள். அந்த டிக் ஒன்று இருந்தாலே போதும், பரிசோதனை "வைரஸ் அறிகுறி" என்று முடிவு சொல்லும். கம்ப்யூட்டரைப் பார்த்து வந்த முடிவே இல்லை அது. கடை நடத்திய நிறுவனமும் பரிசோதனை மென்பொருளைத் தந்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன.

கேள்வி: வாரண்டியில் உள்ள கம்ப்யூட்டரை இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "இங்கே நல்லாத்தானே ஓடுது" என்று திருப்பித் தருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்று நாளுக்கொரு முறை வரும் கோளாறு, மேஜையில் அரை மணி நேரம் வைத்தால் வராது. ஹாங் ஆகும்போது போனில் வீடியோ எடுங்கள்; திரையின் கடிகாரம் அதில் தெரியட்டும். தேதி, நேரம், என்ன வேலை ஓடியது, எத்தனை நொடி என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆறேழு வரி சேர்ந்ததும், ஈவென்ட் வியூவரில் அதே நேரத்துப் பதிவுகளையும் படம் எடுத்து ஒன்றாகக் கொடுங்கள். சர்வீஸ் சீட்டில் "ஸ்லோ" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "இடைவிட்டு உறைகிறது, வீடியோ காட்டப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள். முந்தைய இரண்டு சீட்டுகளையும் இதோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள், வாரண்டி முடியும் தேதி நெருங்கும்போது அவைதான் பேசும். பாகம் மாற்றினால் எது என்று சீரியல் எண்ணோடு கேளுங்கள். திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் வேறு எதையும் புதிதாக ஏற்றாமல், அதே வேலையை அதே மாதிரி ஓட்டிப் பாருங்கள்.