மூட்டுவலிக்கு மருந்து கேட்பவர்களுக்கு: முதலில் வகை தெரியட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்தும் வந்த கேள்விகள். பதில் சொல்பவர் மூட்டு நோய் மருந்துகளில் தேர்ந்த மருந்தாளர்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): எனக்கு 61 வயது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை. இது தேய்மானமா, முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்)? வீட்டிலேயே ஏதாவது அடையாளம் பார்க்கலாமா ஐயா?

பதில்: பார்க்கலாம் அக்கா. முதலில் நேரத்தைக் கவனியுங்கள். எழுந்து அரை மணிக்குள் விரல்கள் இளகிவிட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் போயும் டீ கப்பைப் பிடிக்க முடியவில்லை என்றால் முடக்குவாதமாக இருக்கலாம்.

அடுத்தது இடம். தேய்மானம் நகத்தை ஒட்டிய கணுவிலும் கட்டைவிரலின் அடியிலும் வரும். கணு எலும்புபோல் கெட்டியாகப் புடைக்கும். முடக்குவாதமோ, கையை முஷ்டியாக மடக்கினால் எழும்பித் தெரியும் விரல் முட்டிகளிலும் நடுக்கணுக்களிலும் மணிக்கட்டிலும், அதுவும் பெரும்பாலும் இரண்டு கைகளிலும் வரும். அந்த வீக்கம் தொட்டால் மெத்தென்று இருக்கும். அந்த முட்டிகளை வீட்டில் யாராவது இரண்டு பக்கமும் பிடித்து, கை குலுக்குவதுபோல் மெல்ல அழுத்தட்டும். சுரீரென்று வலித்தால் நாள் கடத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற முடக்குவாத அடையாளம் இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. முடக்குவாதம் உள்ளவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்காவது அப்படித்தான் வருகிறது. சிஆர்பி (அழற்சியைக் காட்டும் சோதனை), ஆன்டி-சிசிபி (முடக்குவாதத்தின் இன்னொரு அடையாளம்) இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எலும்பு அரிப்பு முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடும், அரித்த எலும்பு மறுபடி பழையபடி ஆகாது. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): அம்மாவுக்கு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்திருக்கிறார்கள். அது புற்றுநோய் மருந்து என்று சொல்லி அம்மா பயப்படுகிறார். வலி வரும் நாளில் மட்டும் சாப்பிட்டால் போதுமா?

பதில்: தம்பி, கவனமாகப் படியுங்கள். இது வலி மாத்திரை இல்லை. முடக்குவாதம் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குவது. அந்தத் தாக்குதலை அடக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம்.

வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். 2.5 மி.கி. மாத்திரையில் 3 முதல் 6 வரை தொடங்குவார்கள், அத்தனையும் அதே நாளில். பெட்டியின் மேல் கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தவறி தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி.யை வேறொரு கிழமையில் கொடுங்கள், வாய்ப்புண்ணும் குமட்டலும் குறையும். குமட்டல் நிற்காவிட்டால் மெத்தோட்ரெக்ஸேட்டை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றிப் பாருங்கள்.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நான்காவது வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம், அதைத்தான் தடுக்க வேண்டும். ரத்த அணு, ஈரல், கிட்னி சோதனைகளைத் தவறவிடாதீர்கள். மது வேண்டாம். வேறு நோய்க்குக் கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதைச் சொல்லுங்கள், இரண்டும் சேரக் கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு வந்தால் அந்த வார மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். முன்பு காசநோய் இருந்திருந்தால் அதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (டோங்காட்): 48 வயது ஆண். நடுராத்திரியில் கால் பெருவிரல் தீயாய் எரிந்தது. கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிகமாக உறையும் நோய்) என்றார்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை தொடங்கியதும் வலி கூடிவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன். பருப்பும் பீன்ஸும் விட்டாயிற்று. இன்னும் எதை விடுவது?

பதில்: பருப்பைத் திரும்பச் சாப்பிடுங்கள் தம்பி. பயறு வகையால் கவுட் கூடுவதில்லை. விட வேண்டியது தகர டின்னில் வரும் பில்ச்சர்ட் மீன், பீன்ஸோடு போடும் ஆட்டுக்கால், ஈரல், பீர், சீனி போட்ட சோடா. பீன்ஸ் குழம்பில் குற்றவாளி ஆட்டுக்கால்தான், பீன்ஸ் இல்லை.

ஆனால் பத்தியம் மட்டும் யூரிக் அமிலத்தைக் கொஞ்சமே இறக்கும். மாத்திரை தொடங்கியதும் வலி கூடியது மருந்து ஒத்துக்கொள்ளாததால் அல்ல. மூட்டில் உறைந்திருந்த படிகம் கரையத் தொடங்கும்போது அப்படித்தான் குத்தும். அதனால்தான் 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். கூடவே முதல் 3 முதல் 6 மாதம், வலி தாக்காமல் தடுக்க, கோல்சிசின் 0.5 மி.கி. தருவார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கோல்சிசின் அதிகம் என்று அர்த்தம். இலக்கு, யூரிக் அமிலம் லிட்டருக்கு 0.36 மில்லிமோலுக்குக் கீழே வருவது. வலி தாக்கும் நேரத்தில் சோதித்தால் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டலாம், ஏமாறாதீர்கள். அடங்கி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். டாக்டரிடம் பேசி அலோபியூரினாலை மறுபடி தொடங்குங்கள். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்தி அன்றே காட்டுங்கள். பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதையசைட் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது யூரிக் அமிலத்தை ஏற்றும்.

கேள்வி (வெருலம்): ஆற்றங்கரையில் முடக்கத்தான் கொடி நிறையப் படர்ந்திருக்கிறது. பறித்து ஆயாவுக்குத் தோசை சுடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இங்கே ஆற்றோரம் மரத்தை மூடிப் படர்வது பெரும்பாலும் முடக்கத்தானின் உறவுக் கொடி. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, இந்நாட்டில் அழிக்க வேண்டிய களை என்று பட்டியலிடப்பட்டது. அதன் தண்டில் சொரசொரவென்று மயிர் இருக்கும், காய் நீண்டு கூராக 5, 6 செ.மீ. வரை வளரும். நம் முடக்கத்தான் காய் உருண்டை, 3 செ.மீ.க்குள் இருக்கும், கறுப்பு விதையில் வெள்ளையாக இதய வடிவம் தெரியும். வீட்டில் விதை போட்டு வளர்த்ததென்றால் ஒரு கைப்பிடி இலையை மாவோடு அரைத்துத் தாராளமாகச் சுடுங்கள், நல்ல கீரை. மருந்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி (லெனேசியா): மஞ்சள் பால், டெவில்ஸ் கிளா இரண்டில் எது நல்லது?

பதில்: ஒரு டீஸ்பூன் மஞ்சள் ஏறக்குறைய 3 கிராம். அதில் வேலை செய்யும் சத்தான குர்க்குமின் 100 மி.கி.கூடத் தேறாது. ஆய்வுகளில் கொடுத்தது ஒரு நாளைக்கு 1000 மி.கி. அளவில். மஞ்சள் பால் இதமாக இருக்கும், மூட்டுக்கு அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

டெவில்ஸ் கிளா கலஹாரி மண்ணின் கிழங்கு. முழங்கால், இடுப்புத் தேய்மானத்தில் சிலருக்கு வலி குறைக்கிறது. லேபிளில் அதன் மருந்துச் சத்தான ஹார்ப்பகோசைட் ஒரு நாளைக்கு 50 மி.கி.யாவது வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு மாதத்தில் பலன் இல்லையென்றால் காசை வீணாக்க வேண்டாம். வயிற்றுப் புண், பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கும் ஆகாது.

கேள்வி (சாட்ஸ்வர்த்): பிரஷருக்கு எனாலப்ரில், ஹைட்ரோகுளோரோதையசைட் சாப்பிடுகிறேன். முழங்கால் வலிக்கு கிராண்ட்பா தலைவலித் தூளும் இபுப்ரோஃபெனும் போடலாமா?

பதில்: கூடாது அண்ணா. அந்த இரண்டு பிரஷர் மாத்திரையோடு இபுப்ரோஃபெனும் சேர்ந்தால் கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைந்து கிட்னி திடீரென்று நின்றுபோகலாம், அதிலும் வாந்தி பேதி உள்ள நாளில். கிராண்ட்பா ஒரு பொட்டலத்தில் ஆஸ்பிரினே 450 மி.கி.க்கு மேல். அதோடு இபுப்ரோஃபென் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். வலி கூடிய நாளில் பனடோ (பாராசிட்டமால்) 500 மி.கி. இரண்டு போடுங்கள், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். முழங்காலில் டைக்லோஃபெனாக் வலி ஜெல் தடவலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தடவிய இடத்தில் சுடுதண்ணீர்ப் பை வைக்கக் கூடாது.

தேய்ந்த முழங்காலுக்கு உண்மையான மருந்து தொடைச் சதைதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி பிடியுங்கள். ஒரு காலுக்கு 10 தடவை, தினம் மூன்று வேளை. முதல் இரண்டு வாரம் கொஞ்சம் வலிக்கும், விடாதீர்கள். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள்.

கேள்வி (ஐசிப்பிங்கோ): பெயரில்லாத மூலிகை மாத்திரை. இரண்டே நாளில் வலி போய்விட்டது. தொடரலாமா?

பதில்: எந்த மூலிகையும் இரண்டு நாளில் அப்படிக் கேட்காது அக்கா. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்புகிறதா, சர்க்கரை ஏறுகிறதா என்று பாருங்கள். சில வாரமாகச் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், மயக்கமாகி விழுவீர்கள். பாட்டிலோடு டாக்டரிடம் போங்கள், படிப்படியாக இறக்குவார்.

கேள்வி (டோங்காட்): ஒரு முழங்கால் மட்டும் திடீரென்று சிவந்து வீங்கியிருக்கிறது, குளிர் காய்ச்சலும் இருக்கிறது. கவுட் மாத்திரை போடவா?

பதில்: மாத்திரை எதுவும் போட்டுப் பார்க்க வேண்டாம். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், இரண்டு மூன்று நாளில் குருத்தெலும்பைத் தின்றுவிடும். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.