பாட்டு, பகுதி, படைப்பு: சொல்வளம் பற்றிய வாசகர் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளின் சொல்வளம் குறித்துச் செட்டிநாட்டு வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இந்த இதழின் பகுதியை முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். வாரந்தோறும் இருபது அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதிப் போட்டு, வெள்ளிக்கிழமை தேர்வும் வைக்கிறேன். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளே கட்டுரையில் ‘நல்ல’, ‘அழகான’, ‘பெரிய’ என்ற சொற்களைத் தாண்டுவதில்லை. பாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் சொற்கள் நிற்கும் என்கிறார்கள். உண்மையா? – தமிழாசிரியை, காரைக்குடி

பதில்: நிற்கும், அம்மா. ஆனால் பாட்டில் சொல்லின் ஓசைதான் தானாக நிற்கும். பொருளை நாம்தான் நிறுத்த வேண்டும். உங்கள் பட்டியலில் ‘திளைத்தல் – மகிழ்தல்’ என்று இருந்தால், அதை நன்றாகப் படித்த பிள்ளை ‘பரிசைத் திளைத்தேன்’ என்று எழுதக்கூடும். பிள்ளை அறிந்த பொருளில் தவறில்லை. அந்தச் சொல் எந்த வேற்றுமையோடு வரும், எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் என்பதைப் பட்டியல் சொல்லவில்லை. பாட்டு அதைச் சொல்லிவிடும், பாட்டில் சொல் தனியாக வராமல் வாக்கியத்தோடு வருமானால்.

முளைப்பாரி எடுக்கும் நாளில் உங்கள் மாணவியர் கேட்டுப் பழகிய கும்மி மெட்டே போதும். எடுத்துக்காட்டாக ஒன்று எழுதித் தருகிறேன்:

கண்மாய் நிறைந்தது கண்டதும் – ஊரார்
களிப்பில் திளைத்து நின்றார்;
வெண்மை நுரைக்கும் மடையருகே – தம்
வேனில் அயர்வை மறந்தார்.

முதல் நாள் கைதட்டிப் பாடட்டும். மறுநாள் ‘களிப்பில்’ என்ற இடத்தை வெறுமையாக விட்டுக் கரும்பலகையில் எழுதி, மோனை கெடாமல் அங்கே வேறு என்ன சொல் வரலாம் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை ‘கவலையில்’ என்று சொன்னால், மோனை பொருந்துகிறது, ஆனால் ‘திளைத்து’ பொருந்துமா என்று வகுப்பையே கேளுங்கள். கண்மாய் நிறைந்ததைக் கண்டு கவலையில் திளைப்பார்களா என்று பிள்ளைகள் தமக்குள் வாதிடும் அந்தச் சில நிமிடங்களில்தான் சொல்லின் எல்லை அவர்களுக்குப் பிடிபடும். அந்த வாதம் நடக்காவிட்டால் பாட்டும் மனப்பாடமாகவே முடிந்துவிடும். அடுத்த வாரம் மூன்றாம் நான்காம் அடிகளை அவர்களே கட்டட்டும்; எதுகை தேடும்போது பத்துச் சொற்களை எடுத்துப் பார்த்து ஒன்பதைத் தள்ள வேண்டியிருக்கும், தள்ளிய ஒன்பதும் அவர்களுக்குப் பழக்கமாகிவிடும்.

கேள்வி: எங்கள் ஐயா திண்ணைப் பள்ளியில் நிகண்டு என்னும் செய்யுள் அகராதியைப் பாடம் செய்தவர், கடைசிக் காலம் வரை வரி பிசகாமல் சொல்லுவார். அந்த முறையையே திரும்பக் கொண்டுவந்தால் என்ன? – வாசகர், கோட்டையூர்

பதில்: உங்கள் ஐயா காலத்து ஆசிரியர்கள் காரணம் தெரிந்தே அதைச் செய்தார்கள். மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் பாடியதே நினைவில் நிற்பதற்காகத்தான். அதன் பன்னிரண்டு தொகுதிகளில், ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைக் கூறும் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்திருக்கிறது. பக்கம் புரட்டித் தேட வேண்டிய அகராதியைச் செவியாலேயே தேடிக்கொள்ளும்படி செய்த அமைப்பு அது. ஆனால் அந்தப் பிள்ளைகள் நிகண்டோடு நின்றுவிடவில்லை. அடுத்துப் பிரபந்தமும் காப்பியமும் படித்தார்கள். பாடம் செய்த சொல்லை அங்கே ஆளோடும் செயலோடும் மறுபடி சந்தித்தார்கள். அந்த அடுத்த படி இல்லாமல் முழு நிகண்டையும் இன்றைய பிள்ளை மேல் சுமத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு சொல் பல பொருளைக் காட்டுவதற்கு நம் வீட்டிலேயே சான்று உண்டு. ‘இசை’ என்றால் பண் என்று பிள்ளைக்குத் தெரியும். புகழ் என்ற பொருளைக் குறளில் படித்திருக்கும். நகரத்தார் திருமணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தத்தில் அந்தப் பொருள் இரண்டும் பொருந்தாது, இசைவு என்ற பொருளே பொருந்தும் என்பதை எடுத்துக் காட்டினால் போதும். மேலும், 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் காரைக்குடியில் ஆண்டுதோறும் பங்குனியில் விழா எடுக்கிறது. பேசுகிறவர் ஒரு விருத்தத்தை இசையோடு சொல்லி, பிறகு சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறுவதைப் பேரப்பிள்ளை ஒரு மாலை உட்கார்ந்து கேட்கட்டும். திரும்பும்போது இரண்டு புதிய சொற்களை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த என் மகள் பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலவழி அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். உயிரியல் பாடத்தில் வரும் நீளமான சொற்களைக் கண்டு அழுகிறாள். சொற்களைப் பிரித்துப் படித்தால் எளிது என்று அவளுடைய ஆசிரியை சொல்கிறார். எப்படித் தொடங்குவது? – தாய் ஒருவர், தேவகோட்டை

பதில்: உங்கள் மகள் தமிழ்வழியில் படித்ததைக் குறையாக எண்ண வேண்டாம், இந்தக் காரியத்தில் அதுதான் அவளுக்குக் கைமுதல். ஆங்கிலச் சொற்களுக்குப் போகுமுன் ஒரு மாலை தமிழிலேயே தொடங்குங்கள். ‘படு’ என்ற பகுதியின் முதல் எழுத்து நீண்டால் ‘பாடு’ ஆகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணப் பாடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டுப் பிள்ளைகள் மறந்துவிடுவது இது. மேம்படு – மேம்பாடு, வேறுபடு – வேறுபாடு, உடன்படு – உடன்பாடு, முரண்படு – முரண்பாடு, வெளிப்படு – வெளிப்பாடு, பண்படு – பண்பாடு என்று அவளே எழுதிக்கொண்டு போகட்டும். ‘கெடு’ நீண்டு சீர்கேடும் முறைகேடும் வரும். ‘கொள்’ நீண்டு குறிக்கோளும் வேண்டுகோளும் வரும். கட்டுரையில் நாம் உயர்ந்த சொற்கள் என்று மதிக்கும் எத்தனையோ சொற்கள் இப்படிச் சிறு வினைகளிலிருந்து பிறந்தவை என்று கண்டுகொண்ட பிள்ளைக்கு நீளமான சொல்லைக் கண்டு அச்சம் இராது.

அதே இடத்தில் எச்சரிக்கையும் தேவை. ‘மேற்கொள்’ என்றால் ஒரு செயலைச் செய்ய முற்படுவது. ‘மேற்கோள்’ என்றால் பிறர் கூற்றை எடுத்துக் காட்டுவது. சொல்லின் உறுப்புகள் பொருளின் திசையைக் காட்டும். பொருளை முழுவதும் தந்துவிடாது. ‘சாப்பாடு’ என்பதிலும் ‘பாடு’ இருப்பதுபோல் தோன்றும். அது ‘சாப்பிடு’ என்பதோடு சேர்ந்தது, ‘படு’ அங்கே இல்லை. ஆகவே பிரித்துப் பார்த்து ஊகிக்க வேண்டும், ஊகித்ததை வாக்கியத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இனி உயிரியலுக்கு வரலாம். அந்த நீளமான சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் உறுப்புகளால் ஆனவை. நம் கலைச்சொற்கள் பலவற்றை அறிஞர்கள் அதே உறுப்புகளுக்கு நேராகவே ஆக்கியிருக்கிறார்கள். ‘ஃபோட்டோ’ ஒளி, ‘சிந்தஸிஸ்’ சேர்க்கை. ஃபோட்டோசிந்தஸிஸ் அவள் ஏழாண்டுகளாக அறிந்த ஒளிச்சேர்க்கைதான். ‘மைக்ரோ’ நுண், ‘டெலி’ தொலை, ‘ஸ்கோப்’ நோக்கி; இரண்டு கருவிகளின் பெயரும் அதில் அடங்கிவிட்டன. ‘எரித்ரோ’ சிவப்பு, ‘லூக்கோ’ வெள்ளை, ‘சைட்’ உயிரணு என்று தெரிந்தால் எரித்ரோசைட், லூக்கோசைட் என்ற இரண்டும் இரத்தச் சிவப்பணு, வெள்ளையணு என்று தாமே விளங்கும். ஒரு நோட்டில் இடப்பக்கம் உறுப்பையும் வலப்பக்கம் அதற்கு நேரான தமிழையும் எழுதட்டும். புதிய சொல் வரும்போது, பொருளைப் பார்ப்பதற்கு முன்பே பிரித்து ஊகிக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதியாக இருக்கட்டும். ஊகம் தவறினாலும் அந்த முயற்சியால் சொல் மனத்தில் பதியும். ஆங்கிலத்திலும் ஏமாற்றும் சொற்கள் உண்டு. ‘இன்விசிபிள்’ என்பதில் ‘இன்’ எதிர்மறை; எரிபொருள் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதோ தீப்பற்றக்கூடியது என்றே பொருள்படும். அதை எதிர்மறையாக எண்ணுவது ஆபத்து.

கேள்வி: படைப்பெழுத்து வகுப்பு நடத்துகிறேன். புதிய சொற்களைப் பயன்படுத்துங்கள் என்றால் ‘எழில் கொஞ்சும் வனப்புமிகு ரம்மியமான’ என்று அடுக்குகிறார்கள். என்ன செய்வது? – இளம் ஆசிரியர், பள்ளத்தூர்

பதில்: அடுக்கிய மூன்றில் இரண்டை அவர்களையே அடிக்கச் சொல்லுங்கள், எதை விட்டுவைத்தாய், ஏன் என்று கேளுங்கள். அடுத்ததாக, சில வாரங்களுக்குப் பெயரடைகளை நிறுத்திவிட்டு வினைச்சொற்களைக் கொடுங்கள். ‘இயற்கையின் அழகு’ போன்ற தலைப்புகளும் வேண்டாம்; அருகில் உள்ளதைப் பார்த்து எழுதட்டும். ஆத்தங்குடிக்கு அழைத்துப்போய்த் தரையில் பதிக்கும் பூக்கல் வார்ப்பதைக் காட்டலாம். கண்ணாடித் தகட்டின்மேல் பூவேலை அச்சை வைத்து, பள்ளங்களில் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே சாந்து வைத்து அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போடுவார்கள். வார்த்தல், படிதல், இறுகுதல், வழுவழுப்பு, நேர்த்தி என்ற ஐந்து சொற்களில் மூன்றையாவது பயன்படுத்தி எட்டு வரிக்குள் எழுத வேண்டும் என்று வரையறை செய்யுங்கள்.

முதல் படியில் ஒரு பிள்ளை ‘ஆத்தங்குடிக் கல் மிகவும் அழகாக இருந்தது’ என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். ‘எதைப் பார்த்தபோது அப்படித் தோன்றியது?’ என்று மட்டும் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். இரண்டாம் படி இப்படி வரலாம்: ‘கண்ணாடியின்மேல் வார்த்த நிறம் கலையாமல் படிந்தது. இறுகிய கல்லைப் பிரித்தபோது கண்ணாடியின் வழுவழுப்பு அதன் முகத்துக்கு வந்திருந்தது.’ இங்கே ‘அழகு’ என்ற சொல்லே இல்லை. படிப்பவருக்கோ கல் தெரிகிறது. புதிய சொல்லை ஒரு பிள்ளை தவறாகப் பயன்படுத்தினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த முறை தெரிந்த சொல்லுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்ளும். பென்சிலால் கோடிட்டு, அருகில் அழைத்துப் பேசுங்கள்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை சொற்கள் கற்பிக்கலாம்? எந்த அகராதி நல்லது? – ஆசிரியப் பயிற்சி மாணவி, கானாடுகாத்தான்

பதில்: ஐந்து அல்லது ஆறு. அதே சொற்கள் முதல் வாரம் பாட்டிலும், அடுத்த வாரம் பகுதி பிரிக்கும் பயிற்சியிலும், மூன்றாம் வாரம் பிள்ளைகளின் எழுத்திலும் திரும்பத் திரும்ப வரட்டும். ஆசிரியரின் மேசைக்கு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிதான் என் தேர்வு; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தரும் அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மாணவர்களுக்குக் கையடக்கப் பள்ளி அகராதி போதும். வளவு, பெட்டகம், கொட்டான் என்று ஆச்சிமார் வீட்டில் வழங்கும் சொற்களையும் அவர்கள் அதில் தேடிப் பார்க்கட்டும். கிடைக்காத சொல்லுக்கு ஆச்சியிடமே கேட்டு, பொருளையும் ஒரு வாக்கியத்தையும் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.