ப்ரொப்பெல்லர் கையால் ஆட்டினால் ஆடுகிறதே, கியர்பாக்ஸ் போய்விட்டதா?

கேள்வி: நானே கூட்டிய இரண்டு இருக்கை விமானத்தில் ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ். எஞ்சின், ஓவர்லோட் கிளட்ச் (சுமை மீறினால் வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச்) உள்ள வகை. எஞ்சினை அணைக்கும்போது கியர்பாக்ஸில் 'கடகட'வென்று தட்டுகிறது. பிளேடைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடுகிறது. பல் தேய்ந்துவிட்டதா? – வாசகர், ஓமலூர்.

பதில்: ஆட்டத்தை மட்டும் வைத்துத் தேய்மானம் என்று சொல்லிவிடக் கூடாது. இந்த கியர்பாக்ஸில் டாக் கியர் (கொக்கிப் பற்களால் கவ்வும் கியர்) 15 அல்லது 30 டிகிரி வரை தாராளமாக நகரும்படியே செய்திருக்கிறார்கள். எஞ்சினின் உதறலை டிஸ்க் ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் பிறக்கும் உராய்வு விழுங்குகிறது. ஆகவே எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டாம், எவ்வளவு இறுக்கமாக ஆடுகிறது என்று அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

இரண்டு இக்னிஷன் ஸ்விட்சையும் அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு அணை கொடுங்கள். எஞ்சினில் பூட்டுத் திருகுக்கான துளையின் பிளக்கைக் கழற்றுங்கள். ப்ரொப்பெல்லரை ஓடும் திசையில் மட்டும் சுற்றி, கிராங்க் ஷாஃப்டின் பள்ளம் துளைக்கு நேராக வரும்போது, ஷாஃப்டைச் சுழலாமல் பிடிக்கும் பூட்டுத் திருகை ஏற்றுங்கள். எதிர்த்திசையில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பினால் ஆயில் பாதைக்குள் காற்று புகுந்துவிடும்.

இப்போது மையத்திலிருந்து சரியாக 50 செ.மீ. தள்ளி, பிளேடில் துணி சுற்றிய பட்டை கட்டி, ஸ்பிரிங் தராசை மாட்டுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும் சாதாரணத் தராசு போதும், ஆனால் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு முதலில் சரிபாருங்கள். பிளேடுக்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். அது நகர்ந்துகொண்டிருக்கும்போது முள் காட்டுவதைக் குறியுங்கள். 50 செ.மீ.யில் 1 கிலோ என்றால் ஏறத்தாழ 4.9 நியூட்டன் மீட்டர். அனுமதி 25 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை, அதாவது தராசில் சுமார் 5.1 முதல் 12.2 கிலோ. ரோட்டாக்ஸ் பராமரிப்புக் கையேட்டின் பழைய பதிப்புகளில் கீழ் எல்லை 30 என்றிருக்கும். உங்கள் எஞ்சினுக்கு உரிய பதிப்பையே பின்பற்றுங்கள். முடிந்ததும் பூட்டுத் திருகைக் கழற்றி, அங்கிருந்த பிளக்கை வாஷரோடு மாட்டுங்கள். மறந்துபோகாமல் இருக்க, திருகில் சிவப்புத் துணி கட்டிவைப்பது நல்ல பழக்கம்.

எல்லைக்குக் கீழே வந்தால் பறக்க வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், டாக் தேய்ந்திருக்கலாம். ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய வளையம்) கடைந்து போட்டால் சரியாகிவிடும் என்று லேத்துக்குப் போகாதீர்கள்; அதற்கென உள்ள சிறப்புக் கருவிகளும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும். மேக்னசைட் தூசி பறக்கும் பக்கம் கொட்டகை இருந்தால், திறந்த வெளியில் கியர்பாக்ஸ் மூடியைத் திறக்கவே கூடாது.

அளவு சரியாக இருந்தும் சத்தம் வருகிறதென்றால் எஞ்சினின் இரண்டு கார்புரேட்டர்களையும் பாருங்கள். இரண்டும் ஒத்து இழுக்காவிட்டால் எஞ்சின் உதறும், அந்த அடி முழுக்க கியருக்குப் போகும். வேக்யூம் கேஜ் வைத்துச் சமன் செய்யுங்கள். ஐடிலில் (எஞ்சின் சும்மா ஓடும்போது) 1,400 ஆர்.பி.எம்.முக்குக் கீழே விடவே வேண்டாம். 1,800 பக்கம் வைத்தால் தட்டல் பெரும்பாலும் அடங்கும்.

கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கிடையாது, எஞ்சின் ஆயிலேதான். உராய்வு குறைக்கும் சேர்க்கை கலந்த கார் ஆயில் ஊற்றினால் ஓவர்லோட் கிளட்ச் வழுக்கும். ஓடும் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஈயம் கலந்த 100 எல்.எல். விமான பெட்ரோலில் ஓட்டுபவர்கள் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள்.

ஆயில் மாற்றும்போது காந்த பிளக்கைக் கழற்றி விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் பசை போல வந்தால் பயமில்லை, 3 மி.மீ.க்குக் குறைவான படிவும் பரவாயில்லை. நகத்தில் குத்தும் செதில் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் ஓட்டாதீர்கள். வெண்கலமும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது. அதனால் ஃபில்டரையும் வெட்டி, காகிதத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பிளக்கை 25 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, பாதுகாப்புக் கம்பி கட்டுங்கள்.