அறுத்த வயலில் வால்சக்கர மாடல் விமானம் ஓடும்போதே குப்புறக் கவிழ்கிறது: பதில்

5 செ.மீ. சக்கரம் போட்ட உங்கள் ரிமோட் விமானம், எழும்பும் முன் அறுத்த வயலில் ஓடும்போதே மூக்குக் குத்திக் கவிழ்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ரிமோட்டில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) குச்சியை முழுதாக உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) இரண்டு மூன்று விநாடியில் மெல்லக் கூட்டுங்கள். ஒரேயடியாகத் தள்ளினால் வால் எழும்பி ப்ரொப்பெல்லர் மண்ணைக் கொத்தும். வேகம் பிடித்ததும் குச்சியைத் தளர்த்துங்கள். எழுந்த பிறகும் இழுத்தபடியே இருந்தால் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, ஒரு பக்கம் சரியும்.

நீங்கள் சொன்ன 5 செ.மீ. சக்கரம்தான் என் முதல் சந்தேகம். சம்பா தாளிலும் களிமண் வெடிப்பிலும் அது உருளாது, மாட்டிக்கொள்ளும். 8 செ.மீ. போடுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. வாலைத் தூக்கி விமானத்தைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சக்கர அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழேயோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும். பின்தங்கியிருந்தால் சக்கரத்தைத் தாங்கும் கம்பியை முன்பக்கம் வளையுங்கள். இது சரியில்லாமல் எவ்வளவு பெரிய சக்கரம் போட்டும் பயனில்லை.

ஒன்று கவனம்: தை, மாசியில் வயல் வெறுமையாகத் தெரிந்தாலும், டெல்டாவில் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். முளையை மிதித்துவிடாதீர்கள். வயல்காரரைக் கேளுங்கள், முடிந்தால் களத்துமேட்டுக்கே போய்விடுங்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கம் என்றால் ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த மண்டலம் என்று பார்த்த பிறகே பறக்கவிடுங்கள்.